ஆணிக்கு வைத்த கோளாம்பி

ஒரு மெட்டல் டிடெக்டருக்கு நாலு ஸ்பீக்கரும் ஒரு பூஸ்டரும் வாங்கிய ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாம் நல்ல சாமான்தான். ஒன்றிலும் பழுது இல்லை. அத்தனையும் இப்போது ஆபீஸ் ரூம் பரணில் கிடக்கின்றன. என் பெண்டாட்டி வாரத்துக்கு ஒரு தடவை அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

எனக்குத் தொழில் மரம் அறுப்பது. மர அறுப்பு மில்லை எங்கள் பக்கம் தடிமில் என்று சொல்வோம். வெட்டிப் போட்ட மரம் தடி. மில் தக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வந்து வழிதவறிய டூரிஸ்ட் வேன்கள் எங்கள் வாசலில்தான் திரும்பும். ஜன்னலைத் திறந்து ஏதோ கேட்பார்கள். வாள் ஓடும்போது எனக்கு ஒன்றும் விளங்காது. எந்தப் பக்கமாவது கையை நீட்டுவேன். போய்விடுவார்கள்.

மில்லில் மூன்று பேர். வாள் ஓட்டுவது நான். பெண்டாட்டியின் தம்பி, அதாவது என் மச்சினன், வாளுக்கு எதிர்ப்பக்கம் நின்று அறுபட்டு வரும் பலகையைப் பிடிப்பான். ஆபீஸ் பெண்டாட்டியின் கையில். தடி ஏற்றி இறக்க ஆட்கள் வருவார்கள், போவார்கள், சொல்லாமல் வராமலும் இருப்பார்கள்.

எங்கள் வாள் இரண்டு பெரிய சக்கரங்களில் பெல்ட் மாதிரிச் சுற்றும். ஒரு ஓரம் முழுக்கப் பல். தடியைத் தண்டவாளத்தின் மேல் ஓடும் டிராலியில் கட்டிவைத்து, நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு வாளைப் பார்க்கத் தள்ளுவேன். மரம் என்றால் வெண்ணெய் மாதிரிப் போகும். உள்ளே இரும்பு இருந்தால் முதலில் பல் போகும், பிறகு வாள் அறும். அறுந்த வாள் எதிர்ப்பக்கம் நிற்கிறவனைத் தேடித்தான் போகும்.

எங்கள் மாவட்டத்து மரங்கள் மாதிரி இரும்பு தின்ற மரங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரப்பர் மரம் வந்தால் பால் வடிகிற தகரச் சில்லும் சிரட்டையைத் தாங்கிய கம்பியும் உள்ளே இருக்கும். ரோட்டோரத்துப் பிலா மரத்தில் கட்சி போர்டு, டியூஷன் போர்டு, திருவிழா போர்டு, நற்செய்திக் கூட்டத்து போர்டு என்று எல்லாக் கடவுளும் எல்லாத் தலைவரும் ஆணி அடித்திருப்பார்கள். வீட்டு முற்றத்து மாமரத்தில் துணிக்கொடி கட்டிய ஆணி. இதெல்லாம் போகட்டும். வெளியில் தலை தெரியும், பிடுங்கிவிடலாம். தெரியாதது பேயாணி.

வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சுகமில்லை, பிதற்றுகிறாள் என்றால் அந்தக் காலத்தில் மந்திரவாதியைக் கூட்டிவருவார்கள். அவள் தலைமுடியில் நாலு இழையை ஒரு சாண் நீள ஆணியில் சுற்றி, பேயை மரத்தோடு சேர்த்து அடித்துவிட்டு அவன் போய்விடுவான். மரம் வளரும். பட்டை மூடிக்கொள்ளும். பேய் இருக்கிறதோ போயிற்றோ தெரியாது, ஆணி அங்கேயே இருக்கும். அதற்குள் அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகியிருப்பார்கள். மீதிப் பேர் அய்யாவழியாகி, பேயும் இல்லை, மந்திரமும் இல்லை என்று இருப்பார்கள். தடி விலை பேசும்போது, "உள்ள ஆணி உண்டா?" என்று கேட்டால் ரெண்டு கூட்டத்துக்கும் கோபம் வரும்.

"நாங்க அந்த மாதிரி ஆளுவ இல்ல, கேட்டேளா."

நீங்கள் இல்லை ஐயா. உங்கள் பூட்டன். அவன் ஆணி அடித்ததற்கு இங்கே என் வாள் அறுகிறது.

போன மழைக்கு முன்னால் ஒரு புளியந்தடி அறுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு வெட்டு வெட்டியது. வாள் துண்டாகி மச்சினன் பக்கம் பறந்தது. அவன் சட்டைக் காலரைக் கிழித்து, செவிக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தோலைச் சீவிக்கொண்டு பின்னால் கிடந்த பலகை அடுக்கில் போய்க் குத்தி நின்றது. இன்னும் ஒரு விரல்கடை உள்ளே வந்திருந்தால் நான் இதை எழுத மாட்டேன். ஜெயிலில் இருப்பேன், அல்லது பெண்டாட்டி என்னைக் கொன்றிருப்பாள்.

அவள் ஆபீஸிலிருந்து ஓடிவந்து மெயின் ஸ்விட்சை இழுத்துப் போட்டாள். தம்பியின் கழுத்தில் தன் சேலைத் தலைப்பை வைத்து அமுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னைக்குச் சொல்லுகேன், கேட்டுக்கிடுங்க. டிடெக்டர் ஒண்ணு வாங்கி, தடிக்குள்ள இரும்பு இருக்கா இல்லியான்னு ஒங்களுக்கச் செவியால கேட்டு நீங்க உறுதி சொல்லணும். அது வரைக்கும் எனக்க தம்பி அந்த வாளுக்கு எதிர நிக்க மாட்டான்."

"அவனே தடவிப் பாத்துச் சொல்லட்டும். எனக்க செவி எதுக்கு?"

"நீங்க ஒரு அரட்டு அரட்டினா அவன் இல்லாத ஆணிய உண்டும்பான், உள்ள ஆணிய இல்லம்பான். வாள் ஓட்டுகது நீங்க. கேக்க வேண்டியதும் நீங்க."

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

டிடெக்டர் பார்சலில் வந்தது. ஒரு நீளக் கம்பு, நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டு, பிடியில் சின்னப் பெட்டி. தடியின் மேல் வட்டை வீசிக்கொண்டே போனால் உள்ளே இரும்பு உள்ள இடத்தில் கூவும். கூடவே ஒரு புத்தகம் வந்தது. எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. பெண்டாட்டி அதை மேசை இழுப்பறையில் போட்டாள். அதை அன்றைக்கே படித்திருந்தால் இந்தக் கதை இல்லை. புத்தகம் படித்து மெஷின் ஓட்டுகிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

மச்சினன் ஒரு அயனித் தடியில், அதாவது காட்டுப் பலாத் தடியில், வட்டை வீசினான்.

"அத்தான், கூவுது!"

"எங்கல?"

"இன்னா, இஞ்ச. கேக்கல்லியா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் இழைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பேட்டரி போதாதுலே" என்றேன். பேட்டரி மாற்றினோம். அவனுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. "ஸ்பீக்கர் கொள்ளாது" என்றேன். கொசு மாதிரி ஒரு ஸ்பீக்கரை வைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குகிறான்கள் என்று கம்பெனிக்காரனைத் திட்டினேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில் போனோடு வந்த இயர்போன். பிடியில் ஒரு துளை உண்டு, அதில் சொருகலாம். மச்சினன் மாட்டிப் பார்த்துவிட்டு, "இடது செவியில மட்டும் வருகு அத்தான்" என்றான். டிடெக்டரிலிருந்து வருவது ஒரே ஒரு சத்தம். நம் இயர்போனோ இரண்டு செவிக்குத் தனித்தனியாக வயர் உள்ளது. ஒத்துப்போகாவிட்டால் ஒரு பக்கம் ஊமையாகிவிடும். அதற்கென்று சின்ன அடாப்டர் ஒன்று கடையில் கிடைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் மாட்டினேன். இடது பக்கமும் ஊமைதான். இருபத்திரண்டு வருஷமாக என் இடது செவி வாளைப் பார்த்துத்தான் நிற்கிறது என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இயர்போனைக் கழற்றி மரத்தூளில் எறிந்தேன்.

அடுத்தது கம்ப்யூட்டர் ஸ்பீக்கர். நாழி அளவில் ரெண்டு. அதற்குக் கரண்ட் வேண்டுமே. போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கைச் சாக்குக் கயிற்றால் இடுப்பில் கட்டி, தோளில் பக்கத்துக்கு ஒன்றாக ஸ்பீக்கரைத் தொங்கவிட்டேன். தடி ஏற்ற வந்த ஒருவன் என்னைப் பார்த்து, "முதலாளி, ஐஸ் விக்கவா போறிய?" என்றான். அவனுக்கும் கூவல் கேட்டதாம். எனக்கு ஸ்பீக்கர் உறுமுவது மட்டும் கேட்டது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அவனை விரட்டினேன்.

உறுமலைப் பற்றிக் கேட்கத்தான் சவுண்ட் சர்வீஸ்காரனிடம் போனேன். அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கோயில் கொடைத் திருவிழா, சர்ச் அசன விருந்து, கல்யாணம், சாவு எதுவானாலும் மைக் செட் அவனுடையதுதான். ஒரு பூஸ்டரை எடுத்துக் கையில் தந்தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. டிடெக்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்தால் சத்தத்தைக் கூட்டித் தரும்.

பூஸ்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அறிவு கிடையாது. கூவலைப் பெரிதாக்கும்போது உறுமலையும் பெரிதாக்கும், மோட்டார் இரைச்சலையும் பெரிதாக்கும், நான் வட்டைத் தடியில் இடித்தால் அதையும் இடிமுழக்கமாக்கும். எல்லாம் கேட்டது, ஆணியைத் தவிர.

"எனக்கு இது போராது மக்கா. செவிக்குப் பக்கத்தில வாற மாதிரி என்னமாவது தா" என்று மறுபடியும் போய் நின்றேன்.

புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று தந்தான். சோற்றுப்பாத்திரம் அளவு. வயர் வேண்டாம். டிடெக்டர் துளையில் ஒரு குச்சியைச் சொருகினால் காற்றிலேயே சத்தம் வந்துவிடும். அதைக் கழுத்தில் தொங்கவிட்டேன். ஆணி வரும்போது நெஞ்சில் ஒரு அதிர்வு வந்தது. கேட்டதா என்றால் கேட்டது மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம். பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு கதவுக் கீலை மரத்தூளுக்குள் புதைத்து வைத்து என்னைத் தேடச் சொன்னாள். தேடி எடுத்தேன். "சரி, அவன் நிக்கட்டும்" என்றாள்.

எடுத்தது உண்மை. ஆனால் கையால் துழாவித்தான் எடுத்தேன். ஸ்பீக்கர் காட்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். பாட்டுக் கேட்பவனுக்குப் பரவாயில்லை. வட்டை வீசிக்கொண்டே போகிறவனுக்கு ஆணியைத் தாண்டிப் போன பிறகுதான் சேதி வரும்.

மறுநாள் ஒரு பிலாத்தடியில் அதிர்வு வந்தது. சாக்பீஸால் குறி போட்டேன். உளி வைத்து வெட்டினேன். ஒன்றும் இல்லை. சிரட்டை அளவுக்குக் குழி தோண்டினேன். ஒன்றும் இல்லை.

"அத்தான், இந்தப் பக்கமாட்டு இன்னொரு தடவை பாப்போமா?" என்றான் மச்சினன்.

"உனக்கென்னலே தெரியும்? சவம் பொய்யாக்கும் கூவுகு. நீ போய் நில்லு."

போய் நின்றான். சாக்பீஸ் குறிக்குச் சரியாக ஒரு சாண் இந்தப் பக்கம் வாள் ஆணியில் ஏறியது. இந்தத் தடவை வாள் அறவில்லை. பல் வரிசை முழுக்க முறுக்கு நொறுங்குகிற மாதிரி உதிர்ந்தது. மச்சினன் பழைய பயத்தில் பின்னால் குதித்து, பலகை அடுக்கில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு விலகிவிட்டது.

பெண்டாட்டி இந்தத் தடவை கத்தவில்லை. தம்பியை எலும்பு கட்டுகிற வர்மாணியிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "கேரளத்துல பெரும்பாவூர்ல பிளைவுட் கம்பெனிக்கு ஆள் கேக்காவளாம். கை சரியானதும் அவன் அங்கோட்டுப் போவட்டும்."

"அவன் போனா மில்ல யாரு பாக்குகது?"

"மில்லு இல்லாம ஜீவிச்சுக்கிடலாம். அவனுக்கக் கழுத்து ஒண்ணுதான் இருக்கு."

மச்சினன் என்னிடம் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறான். அவன் போனால் வேறு ஆள் கிடைக்கலாம். வாளுக்கு எதிரே என்னை நம்பி நிற்கிற ஆள் கிடைக்காது. அவன் கைக்கட்டு அவிழ மூன்று வாரம் ஆகும் என்று வர்மாணி சொல்லியிருந்தார். அதற்குள் நான் ஆணியைக் கேட்க வேண்டும். நேரே சவுண்ட் சர்வீஸ் கடைக்குப் போனேன்.

"மக்கா, கோளாம்பி தா."

கோளாம்பி என்றால் வெற்றிலை துப்புகிற பாத்திரம். அதே மாதிரி வாய் விரிந்திருப்பதால் எங்கள் ஊரில் குழாய் ஸ்பீக்கருக்கும் அதுதான் பேர்.

"ஏலே, நீ ஆணி தேடப் போறியா, இல்ல கொடை நடத்தப் போறியா?"

"நீ தருவியா மாட்டியா?"

"தருவேன். ஆனா நானும் வருவேன். இந்தக் கூத்தப் பாக்காம எனக்கு ஒறக்கம் வராது."

வந்தான். கோளாம்பியும் பெரிய ஆம்ப்ளிஃபயரும் ஆட்டோவில் வந்தன. மச்சினனும் கையில் கட்டோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். எனக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று கோளாம்பியை டிராலியிலேயே தடிக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினேன். ஸ்விட்சைப் போட்டு வட்டைத் தடிமேல் கொண்டுபோனேன். கூவியது! எனக்கே கேட்டது! நிறுத்தாமல் கூவியது. தலையிலிருந்து கால் வரைக்கும் போனேன், தடி முழுக்கக் கூவல்.

"லேய், தடி பூரா ஆணியாக்கும்! எந்தக் குடும்பத்துக்க மரம்ல இது? அம்புட்டுப் பேருக்கும் பேயா?" என்று நான் கத்துகிறேன், சவுண்ட் சர்வீஸ்காரன் தூள் குவியலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"அது ஆணியக் கண்டுபிடிக்கல்லடே. கோளாம்பியக் கண்டுபிடிச்சிருக்கு."

அலுமினியக் குழாய், பின்னால் படிக்கல் கனத்துக்குக் காந்தம். டிடெக்டர் வேறு எதைப் பார்த்துக் கூவும்? ஸ்பீக்கர் எதுவானாலும் வட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பதை இப்படித்தான் படித்தேன். கோளாம்பியை அவிழ்த்துக் கொட்டகைத் தூணின் உச்சியில் கட்டினோம்.

மறுபடியும் வீசினேன். ஒரு இடத்தில் கூவியது. ஊரே கூவியது. தெருவில் கிடந்த நாய் எழுந்து ஊளையிட்டது. டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாசோடு வந்துவிட்டார்கள்.

"யாருலே செத்தது?"

"யாரும் சாவல்ல, போங்க."

"பின்ன எதுக்குக் கோளாம்பி கட்டியிருக்கு?"

"ஆணி தேடுகோம்."

"எங்க, ஆகாசத்திலயா?"

ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. இங்கே ஏதோ திருவிழா என்று நினைத்து ரெண்டு பேர் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். நான் விடவில்லை. மறுபடியும் வீசினேன், மறுபடியும் அலறல். எனக்குக் கேட்டது, அதுதான் எனக்கு முக்கியம். ஆனால் போர்டு மாட்டிய குட்டி ஆணிக்கும் அதே அலறல், உள்ளே கிடக்கும் பெரிய ஆணிக்கும் அதே அலறல். ஆழமா மேலோட்டமா என்று ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் போலீசுக்குப் போன் பண்ணப் போவதாக மதில் மேல் நின்று கையை ஆட்டினார். அவர் என்ன சொன்னார் என்று மச்சினன்தான் சொன்னான்.

சவுண்ட் சர்வீஸ்காரன் எழுந்து வந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"ஏலே, ஒண்ணு கேக்கட்டா? நாங்க எல்லாரும் செவியப் பொத்தினோம். நாயி ஓடிப்போச்சு. நீ மட்டும் கோளாம்பிக்க நேர கீழ கொள்ளாம், நல்லா கேக்குன்னு நின்னுட்டிருந்த."

"அதுக்கு?"

"இங்கோட்டு இரி."

மோட்டார் எல்லாம் நிறுத்தச் சொன்னான். போனை எடுத்து எதையோ திறந்தான். மைக் செட் சரிபார்க்க அவன் வைத்திருக்கிற சமாசாரம். தடித்த சத்தத்தில் ஆரம்பித்து மெல்லமெல்லக் கீச்சுக் குரலுக்கு ஏற்றிக்கொண்டே போகலாம். "கேக்கும் மட்டும் கைய தூக்கி வையி. கேக்காட்டி இறக்கு" என்றான்.

தூக்கினேன். மாடு கத்துவது மாதிரி வந்தது. பிறகு ஆள் குரல் மாதிரி. பிறகு நாதஸ்வரம் மாதிரி. பிறகு நின்றுவிட்டது. கையை இறக்கினேன்.

"எதுக்குல நிறுத்திட்ட?" என்று கேட்டபடி திரும்பினேன். மச்சினன் கட்டுப் போட்ட கையை ஒரு செவியிலும் மற்றக் கையை இன்னொரு செவியிலும் வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். டீக்கடையிலிருந்து வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். சவுண்ட் சர்வீஸ்காரன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தான். அதில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தல்ல மக்கா" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரே கூடிநின்று சிரிக்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். சிரித்திருந்தால் யாரையாவது அடித்திருப்பேன், கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பெண்டாட்டி ஆபீஸ் வாசலில் நின்றாள். "குக்கர் விசில் அடிச்சா அணைங்கன்னு நாலு வருசமா சொல்லுகேன். ஒருநாளும் அணைக்கல்ல. சொன்னத மதிக்காம இருக்கியன்னுல்லா நான் நெனச்சேன்" என்றாள்.

நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுள்ள பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள் என்று நினைத்தேன். சில்வண்டு சத்தமே இல்லையே, ரப்பருக்கு மருந்து அடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டான்கள் என்று டீக்கடையில் ஒரு தோட்டக்காரரோடு சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறேன். அந்த மனுஷன் பாவம், "எனக்கு ராத்திரி பூரா கேக்குதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொய் சொல்லுகிறான் என்று அவரை ஊர் முழுக்க நாறடித்தேன். சில்வண்டு எல்லாம் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

நாகர்கோவிலில் செவி டாக்டரைப் பார்த்தேன். வாள் சத்தத்தில் நரம்பு போய்விட்டது, கீச்சென்ற சத்தத்துக்கான பாகம் முதலில் போகும், போனது திரும்பாது என்றார். செவிக்கு மெஷின் வைக்கலாம் என்றார். யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்னும் யோசிக்கிறேன்.

சவுண்ட் சர்வீஸ்காரன்தான் இழுப்பறையிலிருந்து அந்த எறும்பெழுத்துப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தான். டிடெக்டரின் பெட்டியில் ஒரு பட்டன். அதை அமுக்கிப் பிடித்தால் கூவலின் குரலை மாற்றலாம். கீச்சிலிருந்து கீழே இறக்கினான். மழைக்குக் கத்துகிற தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. இழைப்பு மெஷின் ஓடும்போதே எனக்குக் கேட்டது. இத்தனை மாசம் நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், இறக்க வேண்டியது குரலை. பூஸ்டரைக் கழற்றிவிட்டான். செவி முழுக்க மூடுகிற தடித்த ஹெட்போன் ஒன்றை அந்தச் சின்ன அடாப்டரோடு மாட்டிவிட்டான். ரெண்டு பக்கமும் தவளை கத்தியது. வெளி இரைச்சல் வரவில்லை. மேலே உள்ள ஆணிக்கு உரக்கவும் ஆழத்தில் உள்ளதற்கு மெல்லவும் கத்தியது. யாராவது என்னைப் போல இந்தச் சாமானை வாங்கப் போனால் இதைத்தான் சொல்வேன்: வயர் உள்ள ஹெட்போன், செவியை மூடுகிற மாதிரி. முதலில் செவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

அடுத்த நாள் ஒரு அயனித் தடியில் மெல்லிய தவளைச் சத்தம். குறி போட்டு வெட்டினேன். நாலு விரல் ஆழத்தில் தலை தட்டுப்பட்டது. குறட்டால் இழுத்தால் வரவில்லை, கடப்பாரை வைத்துக் கிளப்பினேன். சாண் நீளம், சதுர ஆணி, கொல்லன் அடித்தது. கைக்கட்டு அவிழ்த்திருந்த மச்சினன் மூன்றடி தள்ளி நின்றான்.

"அத்தான், அத வெளிய எடுத்துப்போட்டா அது எறங்கிரும்."

"எறங்கட்டும்லே. தடி ஏத்த ரெண்டு நாளாட்டு ஆள் வரல்ல."

அவன் சிரித்தான். அவன் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. பெண்டாட்டி ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியைத் தூக்கிக் காட்டினேன். "இனி என்ன சொல்லுக? எனக்க செவியாலயே கேட்டேன். பெரும்பாவூருக்குப் போவாண்டாம்னு சொல்லு."

அவள் இறங்கி வந்தாள். "ஆணி கேட்டுது, சரி. வாளு?" என்றாள்.

"வாளுக்கு என்ன?"

தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "சொல்லுலே" என்றாள்.

"வாள் விண்டு விரிசல் விட்டு வரும்போது அழும் அத்தான். மெல்லிசா ஒரு கீச்சு. மொதல்லல்லாம் நீங்கதான் அதக் கேட்டு நிறுத்துவிய. எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான். இப்பம் நாலஞ்சு வருசமா நீங்க நிறுத்துகதில்ல. நான் கைய காட்டுவேன், நீங்க பாக்க மாட்டிய. அன்னைக்குப் புளியந்தடியிலயும் ஆணிக்கு முந்தியே அது அழுதுச்சு."

நான் வாளைப் பற்றி அவனுக்கு நூறு பாடம் எடுத்திருப்பேன். ஒரு வசவு மிச்சம் வைக்காமல் வைதிருப்பேன். அத்தனைக்கும் அவன் அந்தக் கீச்சைத் தனியாகக் கேட்டுக்கொண்டே எனக்கு எதிரே நின்றிருக்கிறான். வாயைத் திறந்தேன். திட்டத்தான் திறந்தேன். 

"இங்கோட்டு வா. இதப் பிடி" என்று நெம்புகோலைக் காட்டினேன்.

"நீங்க?"

"நான் பலகை பிடிக்கேன்."

என் கழுத்தைப் பற்றிப் பெண்டாட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ரெண்டு நாள் கழித்து, முகத்தை மறைக்கிற கண்ணாடியும் கழுத்தை மூடுகிற தோல் பட்டையும் வாங்கி வந்து என் மேல் எறிந்தாள்.

இப்போது தடி வந்தால் முதலில் நான் தவளையைச் செவியில் மாட்டிக்கொண்டு தலையிலிருந்து கால் வரை நடப்பேன். ஆணி இல்லை என்று உறுதியானால் எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். அவன் வாளை ஓட்டுவான். என்னை விட மெதுவாகத் தள்ளுகிறான். நாள் முழுக்கத் தள்ளினாலும் நான் அறுத்ததில் பாதிதான் அறுக்கிறான். "வேகமாத் தள்ளுலே, செத்த சவமே!" என்று அங்கிருந்து அரட்டுவேன். பதிலுக்கு அவன் வாயும் அசையும். என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியாது. நல்ல வார்த்தையாக இருக்காது. சில நேரம் நடு அறுப்பில் சட்டென்று டிராலியைப் பின்னுக்கு இழுத்து மோட்டாரை அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்து நிற்பான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வாள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நான் பலகையை விட்டுவிட்டு ரெண்டு அடி தள்ளி நிற்பேன்.